ராஜரத்தினத்துக்கு அப்புறம் யாரும் இல்லையாமே?

"ராஜரத்தினம் பிள்ளையோட நாதஸ்வரம் முடிஞ்சு போச்சு சார். அப்புறம் வந்ததெல்லாம் சும்மா பீப்பி."

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. பெரும்பாலும் கல்யாணப் பந்தியில, ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவுல சொல்வாங்க. சொல்றவர் ராஜரத்தினம் பிள்ளையை ஒரு பத்து நிமிஷம் சேர்ந்தாப்போல கேட்டவரான்னு விசாரிச்சா, அநேகமா இருக்காது. அதே நேரம் அதே மண்டபத்துல, நாற்பது அடி தள்ளி ஒரு மனுஷன் கன்னம் உப்ப ஊதிக்கிட்டு இருப்பாரு. அவரையும் இவர் கேட்டிருக்க மாட்டாரு.

எனக்கு இந்த வசனம் மேல ரொம்ப நாளாவே கோபம். என் கட்சி இதுதான்: ராஜரத்தினத்துக்கு அப்புறம் ஆள் இல்லாம போகலை. அவர் வாசிப்பை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிக்காம, அவர் போட்டுக் கொடுத்த ரோட்டுல தன் வண்டியை ஓட்டிக் காட்டினவங்க இருந்தாங்க. இப்பவும் ஓட்டத் தெரிஞ்சவங்க இருக்காங்க. காணாம போனது நாமதான், அதாவது கேட்கிற ஆள்.

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். நான் சங்கீதம் படிச்சவன் கிடையாது. செஞ்சியில பொறந்து, கோட்டையைப் பார்த்து வளர்ந்து, இங்கேயே குப்பை கொட்டிக்கிட்டு இருக்கிறவன். இது தோடியா தன்யாசியான்னு கேட்டா பக்கத்துல இருக்கிறவர் முகத்தைப் பார்ப்பேன். காது மட்டும்தான் முதலீடு. வித்வான்கள் மன்னிக்கவும் :-)

இந்தக் கோபம் முத்தினதுக்கு மவுத் ஆர்கனும் ஒரு காரணம். ஆமாங்க, திருவிழாக் கடையில வாங்கி, ரெண்டு நாள் ஊதி, மூணாம் நாள் தம்பி எச்சில் பண்ணிட்டான்னு சண்டை போடுவோமே, அதேதான். அந்த விளையாட்டுச் சாமானை வெச்சுக்கிட்டு அமெரிக்காவுல கறுப்பின மக்கள் ப்ளூஸ்னு ஒரு இசையில என்னென்ன பண்ணியிருக்காங்கன்னு கொஞ்ச நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன். அதுல ராஜா லிட்டில் வால்ட்டர். 1930ல லூசியானாவுல பொறந்து, சிகாகோவுக்கு வந்து, 1968ல முப்பத்தேழு வயசுல செத்துப்போன ஆளு. பத்தே பத்து ஓட்டை இருக்கிற ஒரு டப்பா. அதை ஒரு மட்டமான மைக்கோட சேர்த்து உள்ளங்கைக்குள்ள பொத்தி, ஆம்ப்ளிஃபயர்ல சொருகி ஊதினாரு. எலக்ட்ரிக் கிடாருக்கு நடுவுல சத்தம் கேட்கணுமேன்னு ஆரம்பிச்ச வேலைதான். ஆனா அதுல இருந்து புதுசா ஒரு குரலே பொறந்திருச்சு. 1952ல வந்த அவரோட 'ஜூக்' இசைத்தட்டு அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியல்ல எட்டு வாரம் முதலிடத்துல இருந்திருக்கு. பாட்டே கிடையாது, வெறும் மவுத் ஆர்கன்!

அவர் அந்த ஊதலை எங்கிருந்து பிடிச்சாருங்கிறதுதான் விசேஷம். முந்தைய மவுத் ஆர்கன்காரங்களைக் கேட்டதோட நிறுத்திக்கலை. லூயி ஜோர்டான் மாதிரி சாக்ஸபோன்காரங்க எப்படி மூச்சை இழுத்து வாக்கியம் வாக்கியமா பேசறாங்கன்னு கேட்டு, அதைக் கொண்டுவந்து இந்தச் சின்ன டப்பாவுக்குள்ள வெச்சாரு. பக்கத்து வீட்டு விளக்குல இருந்து நம்ம வீட்டு அடுப்பைப் பத்தவைக்கிற வேலை.

இதைப் படிச்சப்போ எனக்கு சடார்னு ஞாபகத்துக்கு வந்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான்.

அவர் 1898ல திருமருகல்ல பொறந்தவர். மாமன் திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாதஸ்வர வித்வான். ஆனா ராஜரத்தினம் முதல்ல கத்துக்கிட்டது வாய்ப்பாட்டு. அப்புறம்தான் அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளைகிட்ட நாதஸ்வரம். இந்த வரிசையைக் கவனிங்க. தொண்டையில பாடிப் பழகின மூச்சை அப்படியே கொண்டுபோய் சீவாளியில விட்டவர் அவர். துத்துக்காரம்னு நாக்கால தட்டித் தட்டி வாசிக்கிறது ஒரு வழி. அகாரமா, நாக்கு குறுக்கே வராம காத்தை ஒழுகவிடறது இன்னொரு வழி. ராஜரத்தினத்தைக் கேட்டா ஒரு பெரிய பாடகர் 'ஆ'ன்னு வாயைத் திறந்துட்டு மூட மறந்துட்ட மாதிரி இருக்கும். எங்க மூச்சு எடுத்தார்னு தேடினா கண்டுபிடிக்க முடியாது.

வாத்தியத்தையும் அவர் விட்டுவைக்கலை. அந்தக் காலத்துல ஊதினது திமிரி. குட்டையானது, சுருதி உசரம், தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அதை விட்டுட்டு நீளமான பாரி நாதஸ்வரத்துக்குப் போனாரு. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, ஆச்சா மரத்துல, சுத்த மத்தியமம் சரியா பேசற மாதிரி அதைச் செஞ்சு கொடுத்தாரு. சுருதி இறங்கினதும் கனம் வந்துச்சு, குழைவு வந்துச்சு, மேடைக்கும் மைக்குக்கும் ஏத்ததா ஆச்சு. கோயில் வீதியில இருந்து கச்சேரி மேடைக்கு நாதஸ்வரம் தலை நிமிர்ந்து நடந்து போனதுல இந்த மரத்துண்டுக்கும் பங்கு உண்டு. அவர் தலை நிமிர்ந்ததைப் பத்தி தனியாச் சொல்லணுமா? கிராப்பு, கோட்டு, வைரக் கடுக்கன், யார் முன்னாலயும் குனியாத பேச்சு. 1940ல 'காளமேகம்' படத்துல ஹீரோவே அவர்தான். டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன். படத்தைப் பத்தி நான் பேசலை, விடுங்க.

1956 டிசம்பர் 12ல அவர் காலமானாரு. மியூசிக் அகாடமி கொடுக்கிற சங்கீத கலாநிதி வாங்கினவங்க பட்டியல்ல அவர் பேர் கடைசி வரைக்கும் இல்லை. அதே 1956ல அந்தப் பட்டத்தை வாங்கினவர் இன்னொரு நாதஸ்வர வித்வான், திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை. அவர் தகுதியானவர்தான், சந்தேகமே இல்லை. ஆனா இந்த ரெண்டு தகவலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கு.

சரி, அப்புறம்?

அப்புறம்தான் காருகுறிச்சி அருணாசலம். திருநெல்வேலிப் பக்கம், மண்பானைக்குப் பேர் போன காருகுறிச்சியில 1921ல பொறந்தவர். தஞ்சாவூர் ஜில்லாவுக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. ராஜரத்தினத்தோட ரெண்டாவது நாதஸ்வரமா உட்கார வாய்ப்பு கிடைச்சு, அவர் காதுல விழுந்து, அவருக்கே சிஷ்யர் ஆனாரு. ரெண்டாவது நாதஸ்வரம்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. பெரியவர் ராகத்தை மலையேத்திக்கிட்டு போவாரு. அவர் மூச்சு வாங்கற இடத்துல நீங்க அந்த மேடு குலையாம தாங்கிப் பிடிக்கணும். அவர் திரும்ப எடுத்ததும் சத்தமில்லாம ஒதுங்கிக்கணும். இதை விட நல்ல பள்ளிக்கூடம் எந்த வாத்தியத்துக்கும் கிடையாதுன்னு நினைக்கிறேன். குரு எதை வாசிக்கிறாருன்னு மட்டும் இல்லை, எதை எங்க நிறுத்தறாருங்கிறதும் அங்கதான் தெரியும்.

குருகிட்ட இருந்து காருகுறிச்சி எடுத்துக்கிட்டது அந்த நீண்ட மூச்சு, வாய்ப்பாட்டு வழி, ராகத்தை அவசரப்படாம திறக்கிற நிதானம். எடுத்துக்காம விட்டது என்ன தெரியுமா? அந்த நெருப்பை. ராஜரத்தினம் வாசிக்கும்போது 'இதோ பாருங்கடா'ன்னு ஒரு சவால் இருக்கும், உச்சியில நின்னு கீழ பார்க்கிற மாதிரி. காருகுறிச்சியோட வாசிப்புல அந்தச் சவால் கிடையாது. நமக்குப் பக்கத்துல திண்ணையில உட்கார்ந்து சொல்ற மாதிரி இருக்கும். ரெண்டு பேரோட தோடியையும் ஒரே ராத்திரியில அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. ராகம் ஒண்ணு, வழி ஒண்ணு, ஆனா மனுஷன் வேற. மூத்தவரைக் கேட்டா எழுந்து நிக்கத் தோணும், இளையவரைக் கேட்டா சாய்ஞ்சு உட்காரத் தோணும். இது என் காது சொல்றது. வேற காதுக்கு வேற மாதிரி இருக்கலாம்.

நெருப்பை விட்டுட்டா அது குறைதானேன்னு கேட்பாங்க. கிடையவே கிடையாது. ராஜரத்தினத்தோட நெருப்பு அவர் வாழ்க்கையில இருந்து வந்தது. மேளக்காரன்னு ஒதுக்கின சபைகள்ல போய் மேடையில சரிசமமா உட்காருவேன்னு நின்னவரோட கோபம் அது. கோபத்தைக் கடன் வாங்கி வாசிச்சா நடிப்பாத்தான் இருக்கும். காருகுறிச்சி நடிக்கலை. அதனாலதான் அவர் குருவோட நிழல்ல மறையலை.

1962ல 'கொஞ்சும் சலங்கை' வந்துச்சு. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில, எஸ். ஜானகி குரலோட போட்டி போட்டு காருகுறிச்சி வாசிச்ச ஆபேரி உங்க எல்லாருக்கும் தெரியும், பாட்டுப் பேரை எழுதக்கூட வேண்டாம். பட்டிதொட்டி எல்லாம் அவர் பேர் போய்ச் சேர்ந்தது. ரெண்டே வருஷத்துல, 1964ல, நாற்பத்திச் சொச்ச வயசுல போயிட்டாரு. கோவில்பட்டியில சிலை இருக்கு.

வழி ரத்தத்துல மட்டும் போறதில்லைங்கிறதுக்கு இன்னொரு ஆள் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திராவுல பிரகாசம் மாவட்டத்துக்காரர், 1924ல பொறந்தவர். பரம்பரையா நாதஸ்வரம் வாசிச்ச முஸ்லிம் குடும்பம். தஞ்சாவூர் பாணி மேல ஆசைப்பட்டு நாச்சியார்கோயிலுக்கு வந்து ராஜம், துரைக்கண்ணு சகோதரர்கள்கிட்ட கத்துக்கிட்டாரு. கடைசியில ஸ்ரீரங்கத்துலயே குடியேறி, ரங்கநாதர் ஊர்க்காரராவே ஆயிட்டாரு. 1998ல சங்கீத கலாநிதி. அவர்கிட்ட படிச்ச ஷேக் மகபூப் சுபானியும் காலீஷாபி மகபூபும் கணவன் மனைவியா ஜோடி நாதஸ்வரம் வாசிக்கிறவங்க, ரெண்டு பேருக்கும் 2020ம் வருஷத்துப் பத்மஸ்ரீ கிடைச்சது. ஒரு பாணி காவிரிக் கரையில இருந்து கிளம்பி தாமிரபரணிக்குப் போகுது, ஆந்திரா ஆளுங்களை இழுத்துக்கிட்டு வருது. இதைப் பார்த்துட்டும் 'அப்புறம் யாரும் இல்லை'ன்னா என்ன அர்த்தம்?

எல்லாரும் அவர் பின்னாலயே போகலைங்கிறதும் முக்கியம். செம்பனார்கோயில் குடும்பத்தார் தங்களோட ரக்தி மேளத்தை விடலை. திருவீழிமிழலை சகோதரர்கள் கீர்த்தனைகளைச் சுத்தமா வாசிக்கிற தங்கள் வழியிலயே நின்னாங்க. இன்னொரு பக்கம், பாட்டுக்காரங்க நாதஸ்வரத்தைப் பார்த்துக் கத்துக்கிட்ட கூத்தும் நடந்துச்சு. ஜி.என்.பி.யோட ராக ஆலாபனையில ராஜரத்தினம் நாதஸ்வரத்தோட சாயல் இருக்குன்னு சங்கீதம் தெரிஞ்சவங்க ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க. வாய்ப்பாட்டுல இருந்து நாதஸ்வரத்துக்குப் போனது திரும்ப வாய்ப்பாட்டுக்கே வட்டியோட வந்து சேர்ந்த கதை.

இப்ப மறுபடி சிகாகோ. லிட்டில் வால்ட்டர் இருந்தது மட்டி வாட்டர்ஸ்னு ஒரு பெரிய பாடகரோட குழுவுல. 'ஜூக்' ஹிட் ஆனதும் தனியாப் போயிட்டாரு. அந்த இடத்துக்கு முதல்ல ஜூனியர் வெல்ஸ் வந்தாரு, அப்புறம் 1954 வாக்குல ஜேம்ஸ் காட்டன். காட்டன் பாவம், வேற ஒரு குருகிட்ட, ரெண்டாம் சன்னி பாய் வில்லியம்சன்கிட்ட வளர்ந்தவர். ஆனா மேடையில ஏறினா இசைத்தட்டுல வால்ட்டர் வாசிச்சதை அட்சரம் பிசகாம வாசிக்கணும்னு எதிர்பார்ப்பு. கேட்க வந்த கூட்டத்துக்கும் அதுதான் வேணும். 'நான் ஒரு நாளும் லிட்டில் வால்ட்டர் ஆக முடியாது, என்னை என் மாதிரி வாசிக்க விடுங்க'ங்கிற அர்த்தத்துல அவர் மட்டி வாட்டர்ஸ்கிட்டயே பேசியிருக்காரு. மட்டி விட்டுக்கொடுத்தாரு. 1960ல நியூபோர்ட் விழாவுல மட்டியோட காட்டன் வாசிச்ச பதிவைக் கேளுங்க, இருக்கிற இடத்துல உட்கார முடியாது. வால்ட்டர் இல்லாம அந்த வாசிப்பு கிடையாது. ஆனா அது வால்ட்டர் கிடையாது.

இந்த இடத்துலதான் எனக்கு நம்ம ஊர் உறைச்சது. காட்டன் தன் முதலாளிகிட்ட பேச முடிஞ்சது. நம்ம நாதஸ்வரக்காரர் யார்கிட்ட போய்ப் பேசுவாரு? அவருக்கு முதலாளி நாமதான்.

எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒருத்தர் இருக்காரு. அறுபதைத் தாண்டியாச்சு. பேர் வேணாம். சுத்துப்பட்டு ஊர்கள்ல கல்யாணம், காதுகுத்து, கோயில் உற்சவம் எல்லாத்துக்கும் போவாரு. ஒரு சாயங்காலம் டீக்கடையில பிடிச்சு உட்கார வெச்சுக் கேட்டேன்: "ஏண்ணே, எல்லாக் கல்யாணத்துலயும் அந்த கொஞ்சும் சலங்கை பாட்டையே வாசிக்கிறீங்களே, வேற ராகம் எதுவும் எடுக்க மாட்டீங்களா?"

சிரிச்சாரு. "இன்னா தம்பி நீ. நான் எட்த்தா கேக்க ஆள் வேணாமா? ஆறு நிமிஷம் கல்யாணி எட்த்தேன் ஒரு மண்டபத்துல. மாப்ள வீட்டுக்காரர் வந்து, இன்னா ஒரே பாட்டையே ஊதிக்கினு கீறீங்க, சினிமாப் பாட்டு தெரியாதான்னுட்டாரு. அப்பால இன்னாத்த எடுக்கறது?"

"அந்தப் பாட்டையாவது உங்க இஷ்டத்துக்கு வாசிக்கலாமே?"

"அதுவும் முடியாது தம்பி. படத்துல வர்ற மாதிரியே வரணும். ஒரு சங்கதி மாத்திப் போட்டா தப்பா வாசிக்கிறான்னு நெனச்சுக்குவாங்க."

ஆக, குருவைக் காப்பியடிக்காம தன் வழியைக் கண்டுபிடிச்ச ஒரு மனுஷன் ஒரு தடவை வாசிச்சதை, அறுபது வருஷமா அத்தனை பேரும் புள்ளி பிசகாம காப்பியடிக்கணும்னு நாம கட்டாயப்படுத்தறோம். காருகுறிச்சிக்கு இதை விடப் பெரிய அவமரியாதை செய்ய முடியுமா? அப்படிச் செஞ்சுட்டு, பந்தியில உட்கார்ந்து ராஜரத்தினத்துக்கு அப்புறம் யாரும் இல்லைன்னு உச்சுக் கொட்றோம்.

ராஜரத்தினம் தோடியை மணிக்கணக்குல வாசிச்சாருன்னா, அதுக்கு மணிக்கணக்குல தெரு இருந்துச்சு. சாமி புறப்பாட்டுக்கு மல்லாரியில ஆரம்பிச்சு, நாலு வீதி சுத்தி வர்றதுக்குள்ள விடிஞ்சிடும். ஒவ்வொரு மூலையிலயும் நின்னு ராகம். அந்த நேரத்துல முளைச்ச செடி அது. பழைய இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷச் சொச்சம்தான் இடம். அதுக்குள்ளயும் அவர் தோடியை அடைச்சுக் காட்டினாருன்னா, பின்னால அத்தனை ராத்திரி இருந்ததாலதான். இன்னிக்கு ஒரு பையனுக்கு யூட்யூப்ல அந்த மூணு நிமிஷம் கிடைக்குது. ராத்திரி கிடைக்கலை.

'எங்க வட மாவட்டத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும், இது தஞ்சாவூர் சமாச்சாரம்'னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். நாம திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ற ஜனம். பக்கத்துல மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலை வெச்சு ஆல்ஃப் ஹில்டெபைட்டல்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் பெரிய புத்தகமே எழுதினாரு, 1988ல முதல் பாகம் வந்தது. அந்தக் கூத்துல ஓரமா உட்கார்ந்து, கட்டியங்காரன்ல இருந்து துரியோதனன் வரைக்கும் எல்லார் தொண்டைக்கும் பின்னாலயே போற வாத்தியம் எது? முகவீணை. அதுவும் சீவாளி வெச்சு ஊதறதுதான், நாதஸ்வரத்தோட சின்னத் தங்கச்சி. ராஜரத்தினம் நீளமான குழலுக்குப் போனாரு, நம்ம கூத்துக்காரங்க குட்டைக் குழலை விடலை, அவ்வளவுதான் வித்தியாசம். பாடறவன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு போற அந்த வித்தை ரெண்டுலயும் ஒண்ணுதான். கூத்துல முகவீணைக்காரர் ஒரே மெட்டை ராத்திரி முழுக்க ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒவ்வொரு மாதிரி வளைக்கிறாரு. அதை யாரும் தப்புன்னு சொல்றதில்லையே!

நம்ம பக்கத்துக் கோயில்கள்ல இன்னொரு அநியாயம். பூஜை நேரத்துக்கு சுவிட்சைத் தட்டினா மணியும் முரசும் தானா அடிக்கிற மிஷின். தகரக் கொட்டகை இடிஞ்சு விழற மாதிரி ஒரு சத்தம். ஆள் கிடைக்கலை, அதனாலதான்னு சொல்றாங்க. விழுப்புரத்துல அரசு இசைப்பள்ளி இருக்கு, நாதஸ்வரம் தவில் ரெண்டும் சொல்லித் தர்றாங்க. படிச்சுட்டு வர்ற பையனுக்கு மாசம் என்ன கொடுப்போம்னு யோசிக்காம, ஆள் கிடைக்கலைன்னா எப்படி கிடைக்கும்? நாதஸ்வரக்காரர் பையனே இப்ப வேற வேலைக்குப் போயிட்டான். அவர் அதைச் சொல்லும்போது வருத்தப்பட்ட மாதிரியும் தெரியலை, நிம்மதியான மாதிரியும் தெரியலை. டீ கிளாஸைக் கழுவி வெச்சுட்டு எழுந்துட்டாரு.

2022ல நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாங்க. 2025 ஜூலையில நம்ம செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல, மராட்டியர் கோட்டைகள் வரிசையில சேர்ந்துச்சு. ஊரே பெருமைப்பட்டுச்சு, நானும்தான். மரத்துக்கும் கல்லுக்கும் பத்திரம் எழுதியாச்சு. ஊதறதுக்குப் பத்திரம் எழுத முடியாது, அது ஒவ்வொரு தடவையும் புதுசா நடந்தாத்தான் உண்டு. ஒருத்தர் ஊதணும், இன்னொருத்தர் சும்மா உட்கார்ந்து கேட்கணும்.

எதிர்க்கட்சி வாதம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். 'கல்யாணத்துக்கு வர்றவன் சந்தோஷத்துக்கு வர்றான், அவனைப் பிடிச்சு ஒரு மணி நேரம் தோடி கேட்க வைக்க முடியுமா?' நியாயம்தான். ஒரு மணி நேரம் வேண்டாம். லிட்டில் வால்ட்டருக்கு முன்னால உட்கார்ந்திருந்தவங்களும் குடிச்சு ஆடறதுக்கு வந்த ஜனம்தான், சபா ரசிகர்கள் கிடையாது. சந்தோஷமா இருக்கிறதுக்கும் கேட்கிறதுக்கும் விரோதம் எதுவும் இல்லை. சினிமாப் பாட்டு வேணாம்னும் நான் சொல்லலை. வாசிக்கட்டும், ஆனா தன் இஷ்டத்துக்கு வளைச்சு வாசிக்கட்டும். கடைசியில வர்ற சங்கதி படத்துல இல்லையேன்னு போய் கேட்காதீங்க. அது அவரோடது.

தை மாசம் அக்கா பொண்ணு கல்யாணம். மண்டபம், சமையல், போட்டோ எல்லாம் மாமா பொறுப்பு. மேளத்தை மட்டும் நான் எடுத்துக்கிட்டேன். முதல் நாள் சாயங்காலம் நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி அரை மணி நேரம், லவுட் ஸ்பீக்கர் ஆஃப், ஆர்கெஸ்ட்ராகாரங்களை ஏழரைக்கு மேல வரச் சொல்லியாச்சு. அட்வான்ஸ் கொடுக்கும்போது நம்ம ஆள்கிட்ட, "அண்ணே, அந்த அரை மணி நேரம் உங்க இஷ்டம், என்ன வேணா எடுங்க"ன்னேன். நம்பலை. "நெசமாத்தான் சொல்றியா தம்பி?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, ரெண்டாவது நாதஸ்வரத்துக்கு திண்டிவனத்துப் பக்கம் ஒரு நல்ல ஆள் இருக்காரு, அவரைக் கூப்பிட தனியா பஸ் சார்ஜும் கூலியும் ஆகும், கொடுப்பியான்னாரு.

கொடுத்துட்டேன். மாமாகிட்ட இன்னும் சொல்லலை.